வீட்டு சினிமா கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி கொடுத்து ஓட்டும் 8 மி.மீ. சினிமா கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது (மி.மீ. கணக்கு எல்லாம் பிலிமின் அகலம்). பழைய சாமான் கடையில் வாங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுப்பார்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு துவாரம் வழியாகப் பார்ப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

சாதாரண ஜனங்கள் எப்போதிலிருந்து சினிமா எடுக்கத் தொடங்கினார்கள்?

என் பதில் 1923. இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. லூமியே சகோதரர்கள் 1895-இல் எடுத்த முதல் படங்களிலேயே ஒன்று, அண்ணன் அகுஸ்த் தன் கைக்குழந்தைக்கு உணவு ஊட்டும் காட்சி. பக்கத்தில் மனைவி காபி கலக்கிக்கொண்டிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் காசு வாங்கிக் காட்டிய படங்களில் அதுவும் இருந்தது. அப்படிப் பார்த்தால் சினிமாவின் ஆரம்பக் காட்சிகளிலேயே வீட்டுப் படம் ஓடியிருக்கிறது.

சரிதான். ஆனால் லூமியே குடும்பம் போட்டோத் தகடு தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். கேமராவும் அவர்கள் கண்டுபிடித்தது, பிலிமைக் கழுவியதும் அவர்களே. தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவரை வைத்து ஊருக்குக் குழாய் வந்துவிட்டது என்று சொல்ல முடியாதே.

1895-க்கும் 1923-க்கும் நடுவில் 28 வருஷம். ஏன் அவ்வளவு தாமதம்?

கேமரா ஒரு பிரச்சினையே இல்லை. பிலிம்தான் பிரச்சினை.

அன்றைய 35 மி.மீ. பிலிம் நைட்ரேட் பிலிம். துப்பாக்கிக்கு மருந்தாகும் பொருளின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். 1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறக்கட்டளைச் சந்தையில் படம் காட்டும்போது தீப்பிடித்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெரிய இடத்துப் பெண்கள். உண்மையில் அந்தத் தீயைத் தொடங்கியது புரொஜெக்டர் விளக்குக்கு ஊற்றிய ஈதர். ஆனாலும் பழி சினிமாமேல்தான் விழுந்தது. இதற்கப்புறம் யார் வரவேற்பறையில் புரொஜெக்டர் வைப்பார்கள்?

இரண்டாவது, செலவு. நெகட்டிவ் பிலிம் (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாக விழுவது) வாங்கி எடுத்து, கழுவி, அதே நீளத்துக்கு இன்னொரு பிலிம் வாங்கி பிரிண்ட் போட வேண்டும். ஒரே படத்துக்கு இரண்டு முறை பிலிம் செலவு. போட்டோ எடுக்கிறவனுக்கும் இதே கதைதான். ஆனால் அவனுக்கு ஒரு படம் போதும். சினிமாக்காரனுக்கு விநாடிக்கு 16 படம் வேண்டும்.

முயற்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். 1898-இல் இங்கிலாந்தில் பர்ட் ஏக்கர்ஸ் 35 மி.மீ. பிலிமை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து 17.5 மி.மீ. ஆக்கினார். 1912-இல் எடிசன் நிறுவனம் 22 மி.மீ. அகலத்தில் மூன்று வரிசைப் படங்கள் ஓடும் விநோதமான வீட்டுக் கருவி ஒன்றை விற்றது. பாத்தே நிறுவனம் எளிதில் தீப்பிடிக்காத 28 மி.மீ. பிலிமோடு அதே 1912-இல் வந்தது. எதுவும் பெரிதாக நிலைக்கவில்லை.

ஆகவே அந்தக் காலத்தில் சினிமா ஆசை வந்தவன் பொழுதுபோக்குக்காரனாக இருக்கவே முடியாது. பம்பாயில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சாவே தாதா என்கிற பட்வடேகர் இங்கிலாந்திலிருந்து கேமரா வரவழைத்து, 1899-இல் மல்யுத்தப் போட்டி ஒன்றைப் படம் பிடித்தார். அப்புறம் அது தொழிலாகவே ஆகிவிட்டது. நம் சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியாருக்கும் அதே கதி. ஒரு வெள்ளைக்காரக் கேமராக்காரரிடம் கைப்பிடி சுற்றக் கற்றுக்கொண்டவர், ஸ்டூடியோ போட்டு முழுப்படம் எடுத்துத் தென்னிந்தியாவின் முதல் பட முதலாளி ஆனார். போட்ட காசை எடுக்க வேண்டுமென்றால் டிக்கெட் விற்றுத்தான் ஆக வேண்டும்.

1923-இல் அப்படி என்ன நடந்தது?

இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

பிரான்ஸில் பாத்தே 1922 கிறிஸ்துமஸ் சமயம் ‘பாத்தே பேபி’ என்ற குட்டிப் புரொஜெக்டரை வெளியிட்டது. மறுவருஷம் அதற்குக் கேமராவும் வந்தது. பிலிம் அகலம் 9.5 மி.மீ. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் அதே 1923-இல் ‘சினே-கோடக்’ கேமராவையும் 16 மி.மீ. பிலிமையும் இறக்கியது. இரண்டுமே எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம். 16 மி.மீ. என்ற அகலத்துக்கும் காரணம் இருந்தது. 17.5 என்று வைத்தால் எவனாவது மலிவான 35 மி.மீ. நைட்ரேட்டை இரண்டாகக் கிழித்து வீட்டு கேமராவில் போட்டுவிடுவான். 16-க்கு அந்த வித்தை பலிக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் பெரிய சாதனை கேமராவும் இல்லை, அகலமும் இல்லை, கழுவும் முறைதான். கோடக் ஆய்வகத்தில் ஜான் காப்ஸ்டாஃப் என்பவர் ‘ரிவர்சல்’ முறையை வீட்டு சினிமாவுக்குப் பொருந்தும்படி செப்பம் செய்தார். எடுத்த பிலிமை முதலில் நெகட்டிவாகக் கழுவுவது. அந்த நெகட்டிவ் உருவத்தை ரசாயனத்தால் வெளுத்து நீக்குவது. மிச்சமிருக்கும் வெள்ளி உப்பில் வெளிச்சம் காட்டி மறுபடி கழுவுவது. கேமராவுக்குள் போன அதே பிலிம் பாசிட்டிவாகத் திரும்பி வரும். பிரிண்ட் வேண்டாம், இரண்டாவது பிலிம் வேண்டாம். செலவு பாதிக்கு மேல் அங்கேயே விழுந்துவிட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உலகத்தில் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். கிழிந்தால் கிழிந்தது.

ஒரு ரீல் எவ்வளவு நேரம் ஓடும்?

நாலு நிமிஷம்.

இது விளையாட்டுப் பதில் இல்லை. 16 மி.மீ. பிலிமில் அடிக்கு 40 ஃப்ரேம், அதாவது 40 தனித்தனிப் படம். 100 அடி ரீலில் 4000 ஃப்ரேம். விநாடிக்கு 16 என்று ஓட்டினால் நாலு நிமிஷமும் பத்து விநாடியும். பின்னால் வந்த 8 மி.மீ. ரீலும் அதே 4000 ஃப்ரேம். 1965-இல் வந்த சூப்பர் 8-இல் 3600 ஃப்ரேம், விநாடிக்கு 18, ஆக 3 நிமிஷம் 20 விநாடி. நாற்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கக் குடும்பங்கள் தங்கள் வாழ்க்கையை நாலு நிமிஷத் துண்டுகளாகத்தான் எடுத்தன. ஒரு கல்யாணத்துக்கு ஒரு ரீல். ஒரு கோடை விடுமுறைக்கு இரண்டு ரீல். கையில் இருப்பது நாலு நிமிஷம்தான் என்று தெரிந்தவன் எதை எடுப்பான், எதை விடுவான் என்று யோசித்துப் பாருங்கள். இன்று போனில் ஒரு பிறந்தநாளுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

9.5 நல்லதா, 16 நல்லதா?

ஐரோப்பாவில் இந்தச் சண்டை பல காலம் நடந்தது. 9.5-இன் சாமர்த்தியம் அதன் ஓட்டையில் இருக்கிறது. பல் சக்கரம் பிடித்து இழுக்கும் ஓட்டைகள் மற்ற பிலிம்களில் ஓரத்தில் இருக்கும்; இதில் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே, பிலிமின் மையத்தில். அதனால் அகலம் முழுவதும் படம்தான். 16-க்குக் கிட்டத்தட்ட ஈடான படம், பாதிக்குச் சற்று மேலான பிலிமில். இழுக்கும் நகம் சற்றே தவறினால் படத்தின் நடுவயிற்றிலேயே கீறிவிடும் என்பது வேறு விஷயம்.

அதைவிட எனக்குப் பிடித்தது எழுத்துப் பலகைக்கு அவர்கள் செய்த உபாயம். மௌனப் படங்களில் ‘மறுநாள் காலை’ மாதிரி எழுத்து வரும்போது, படிக்கும் நேரம் வரை பிலிம் ஓடியாக வேண்டும். எத்தனை அடி வீண்! பாத்தே என்ன செய்தது? எழுத்தை ஓரிரு ஃப்ரேமில் மட்டும் அச்சடித்து, அந்த இடத்தில் பிலிம் ஓரத்தில் ஒரு வெட்டு போட்டது. புரொஜெக்டர் வெட்டைத் தொட்டதும் பிலிம் சில விநாடி நின்று, படித்து முடித்ததும் தானாகவே நகரும். கஞ்சத்தனத்தில் பிறந்த பொறியியல் என்று இதைத்தான் சொல்வேன்.

விலை என்ன இருந்தது? யார் வாங்கினார்கள்?

சினே-கோடக் கேமரா, புரொஜெக்டர், முக்காலி, திரை, ஒட்டும் கருவி எல்லாம் சேர்ந்த தொகுப்பு 335 டாலர். அன்று மலிவான ஃபோர்டு மாடல் டி கார் 300 டாலருக்குக் கீழே. காரைவிட அதிகம் கொடுத்து யார் வாங்குவார்கள்? டாக்டர், வக்கீல், முதலாளி, இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி. இந்தக் கடைசி வகையினர் எடுத்த ரீல்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் நிறையச் சேர்ந்திருக்கின்றன. நடுவில் துரையும் துரைசானியும் நாயும். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, தேநீர்த் தட்டோடு நிற்கும் நம்மவர். இந்தப் படங்களில் நான் தேடுவது அந்த ஓரத்தைத்தான்.

அப்புறம் எப்படி நடுத்தரக் குடும்பத்துக்கு வந்தது?

1932-இல் 8 மி.மீ. வந்ததால். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம், 16 மி.மீ. வாங்க ஆளில்லை. கோடக் புதிதாக ஒரு பிலிம்கூடச் செய்யவில்லை என்றே சொல்லலாம். அதே 16 மி.மீ. பிலிம்தான், ஓட்டைகள் மட்டும் இரண்டு மடங்கு நெருக்கம். ஒரு பாதியில் ஒரு தடவை ஓட்டி, சுருளைத் திருப்பிப் போட்டு மறு பாதியில் இன்னொரு தடவை. கழுவும்போது ஆய்வகத்தில் நடுவில் நீளமாகக் கிழித்து, இரண்டு துண்டையும் முனைக்கு முனை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். 25 அடி பிலிம் 50 அடியாகத் திரும்பி வரும். முதல் மாடல் கேமரா 29.50 டாலர்.

இதை என் கேமராவில் செய்து காட்டினால்தான் வந்தவர்களுக்குப் புரிகிறது. முதலில் நிழலுக்குப் போக வேண்டும். மூடியைத் திறந்து, மேல் அச்சில் பிலிம் சுருள், கீழ் அச்சில் காலிச் சுருள். பிலிம் முனையை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் தகட்டு இடுக்கில் நுழைத்து, காலிச் சுருளின் பிளவில் செருகி, இரண்டு சுற்று. மூடி. பக்கவாட்டுச் சாவியைத் திருகினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி கறகறவென்று இறுகும். பொத்தானை அழுத்தினால் தையல் மிஷின் சத்தம். அரை நிமிஷத்தில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், மறுபடி திருக வேண்டும். வீட்டுப் படங்களில் ஏன் நீளமான ஷாட்டே இல்லை என்றால், அழகியல் எல்லாம் இல்லை, ஸ்பிரிங் அவ்வளவுதான்.

இரண்டு நிமிஷம் ஓடியதும் மறுபடி நிழலுக்குப் போய், மூடியைத் திறந்து, சுருள்களை இடம் மாற்றிப் போட வேண்டும். திறக்கும்போது வெளிப்புறச் சுற்றுகளில் கொஞ்சம் வெளிச்சம் பட்டுவிடும். பழைய 8 மி.மீ. படங்களில் நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு தீ பொங்கி அடங்குமே, அந்த இடத்தில்தான் அப்பா மரத்தடியில் உட்கார்ந்து சுருளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாதிக் கல்யாணம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்திருக்கும்.

பழைய வீட்டுப் படங்களில் எல்லோரும் ஏன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்?

வெயில். 1935-இல் கோடக்ரோம் கலர் பிலிம் வந்தது, முதலில் 16 மி.மீ.யில், மறுவருஷம் 8-இல். நிறம் அற்புதம், வெளிச்சப் பசியோ அகோரம். அதன் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. என்ற அளவையில் 10 அளவுக்குத்தான். உச்சி வெயிலில், சூரியனை எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால்தான் படம் விழும். அப்படியானால் எதிரே நிற்பவர் கண்ணில் நேராக வெயில். வீட்டுக்குள் எடுக்க வேண்டுமென்றால் பெரிய பெரிய விளக்குகளை ஒரு சட்டத்தில் மாட்டி முகத்தில் அடிப்பார்கள். கேக் வெட்டும் குழந்தை கையால் கண்ணை மறைப்பது வெட்கத்தால் அல்ல.

கோடக்ரோமைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸும் லியோபோல்ட் கொடௌஸ்கியும் சங்கீதக்காரர்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாததால் பிராம்ஸின் இசையைச் சீட்டியடித்துக் கழுவும் நேரத்தை அளந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நிறம் சரியாக வந்திருப்பதைப் பார்த்தால் தாளம் தப்பாதவர்கள் என்று தெரிகிறது. கடைசிக் கோடக்ரோம் சுருள்கள் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்துப் பார்ஸன்ஸ் என்ற சிற்றூரில் கழுவப்பட்டன; 2010 டிசம்பர் கடைசியோடு அங்கே சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

குழந்தை, கடற்கரை, பிறந்தநாள் தவிர வேறு ஒன்றும் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். 1926-இல் நியூயார்க்கில் அமெச்சூர் சினிமா லீக் தொடங்கியது. ஆரம்பித்தவர் ஹைரம் பெர்சி மாக்ஸிம். அப்பா மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்தவர், மகன் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் கண்டுபிடித்தவர். அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குச் சங்கம் கட்டியவரும் இவரே. லீக் நடத்திய பத்திரிகையில், கேமராவைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டாதீர்கள் என்ற ரீதியில் புத்திமதிகள் வரும். 1930 முதல் வருஷாவருஷம் சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராசெஸ்டர் நகரத்தில் ஜேம்ஸ் சிப்லி வாட்ஸன் என்ற டாக்டரும் நண்பர் மெல்வில் வெப்பரும் ஒரு குதிரை லாயத்தை ஸ்டூடியோவாக்கி, எட்கர் ஆலன் போ கதை ஒன்றை 1928-இல் பதிமூன்று நிமிஷப் படமாக எடுத்தார்கள். நிலைக்கண்ணாடி, பட்டகம், இரட்டை உரு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது இன்று அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இருக்கிறது. அப்புறம், அப்பாவின் 8 மி.மீ. கேமராவை எடுத்துக்கொண்டு பொம்மை ரயில்களை மோதவிட்டுப் படம் பிடித்த ஒரு பையன், 1964-இல் ஃபீனிக்ஸ் நகரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பறக்கும் தட்டுப் படம் எடுத்து உள்ளூர் அரங்கில் காட்டினான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இந்தப் பேரைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், எனக்கென்னவோ டாக்டர் வாட்ஸனைத்தான் அதிகம் பிடிக்கும். அவர் கடைசிவரை சினிமாவில் பிழைக்கவில்லை.

முன்பின் தெரியாதவர்களின் குடும்பப் படத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்?

இதற்கு ஒரே ஒரு ரீலைப் பற்றிச் சொல்கிறேன்.

1938 ஆகஸ்டில் நியூயார்க்கில் வாழ்ந்த டேவிட் கர்ட்ஸ் மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பா சுற்றுலா போனார். போகிற வழியில், தான் பிறந்த போலந்து ஊரான நஷெல்ஸ்க்கை எட்டிப் பார்த்தார். கையில் 16 மி.மீ. கேமரா. அந்த ஊரில் எடுத்தது மூன்று நிமிஷம்தான், கொஞ்சம் கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கலர். ஒரு தெரு. ஜெப ஆலயத்துக் கதவிலிருந்து இறங்கி வரும் கூட்டம். கேமராவைக் கண்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, எம்பிக் குதித்து, எப்படியாவது சட்டத்துக்குள் முகத்தை நுழைக்கப் பார்க்கிறார்கள். எடுக்கிறவருக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். ஊரைக் காட்ட வந்தால் இந்தப் பசங்கள் மறைக்கிறார்களே என்று.

ஊரில் அப்போது ஏறத்தாழ 3000 யூதர்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. போர் முடிந்தபோது அந்த 3000 பேரில் உயிரோடு இருந்தவர்கள் 100-க்கும் குறைவு.

2009-இல் பேரன் க்ளென் கர்ட்ஸ் புளோரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியில் அந்த ரீலைக் கண்டெடுத்தார். சுருங்கி, ஒட்டிப்போய், இன்னும் சிறிது காலம் போயிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்ற நிலை. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் அதைப் பெற்றுச் சீர்செய்து இணையத்தில் போட்டது. அதைப் பார்த்த ஒரு பெண், முண்டியடிக்கும் பையன்களில் ஒருவன் தன் தாத்தா என்று அடையாளம் கண்டுபிடித்தார். தாத்தாவும் அப்போது உயிரோடு இருந்தார். அவர் உட்கார்ந்து மற்ற முகங்களுக்குப் பேர் சொன்னார்.

ஊரை மறைக்கிறார்கள் என்று தோன்றியிருக்கக்கூடிய அந்தப் பிள்ளைகள்தான் ஊர்.

இன்னொரு உதாரணமும் உண்டு. போர்க்காலத்தில் அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்தபோது கேமராவுக்குத் தடை. யூட்டாவின் டோபாஸ் முகாமில் இருந்த டேவ் தட்சுனோ, நல்ல மனசுள்ள ஒரு மேற்பார்வையாளரின் உதவியால் 8 மி.மீ. கேமராவை உள்ளே கொண்டுவந்து, பனியையும் தேவாலயத்தையும் மாவு இடிக்கும் புத்தாண்டையும் கலரில் எடுத்தார். 1996-இல் அதுவும் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

கென்னடி கொலையைப் படம் எடுத்ததும் இப்படிப்பட்ட கேமராதானா?

ஆமாம், 8 மி.மீ. பெல் அண்ட் ஹோவல், கோடக்ரோம் பிலிம். ஏப்ரஹாம் ஸப்ரூடர் டாலஸ் நகரத்தில் பெண்கள் உடை தயாரிப்பவர். 1963 நவம்பர் 22 காலையில் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் வற்புறுத்தியதால் திரும்பிப் போய் எடுத்து வந்தார். 486 ஃப்ரேம், சுமார் 26 விநாடி.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: சுருளைத் திருப்பிப் போட வேண்டும் என்று மேலே சொன்னேனே, அவரும் அப்படித்தான் போட்டிருந்தார். அதே சுருளின் முதல் பாதியில் அவர் குடும்பத்துப் படம். மறு பாதியில் ஒரு ஜனாதிபதியின் சாவு. நகல் எடுக்க வேண்டியிருந்ததால் அன்று அதை நடுவில் கிழிக்காமலே கழுவினார்கள்.

‘லைஃப்’ பத்திரிகை அதை 150,000 டாலருக்கு வாங்கியது. பிற்காலத்தில் அமெரிக்க அரசு அந்தச் சுருளை எடுத்துக்கொண்டதற்கு, 1999-இல் குடும்பத்துக்கு 16 மில்லியன் டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

சூப்பர் 8-க்கும் 8-க்கும் என்ன வித்தியாசம்?

ஓட்டையைச் சின்னதாக்கிப் படத்தைப் பெரிதாக்கினார்கள், சுமார் 50 சதவீதம். பிலிமை ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் அடைத்தார்கள். சொருகு, அழுத்து, அவ்வளவுதான்; நிழலும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். பேட்டரி மோட்டார். 1973-இல் சத்தமும் சேர்ந்தது. பத்தே வருஷத்தில் வீடியோ கேமரா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

தமிழ்நாட்டில்?

பிலிமில் எடுத்தவை மிகச் சில குடும்பங்கள்தான். கேமரா வாங்குவதைவிட, பிலிம் கிடைப்பதும் கழுவி வாங்குவதும் பெரிய பாடு. நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டு சினிமா என்பது 1980-களில் கல்யாண வீடியோவாகத்தான் அறிமுகம். அதுவும் நாம் எடுத்ததல்ல, கூலிக்கு வந்தவர் எடுத்தது. தோளில் கேமரா, பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே ஒரு பையன், கண்ணைக் குத்தும் ஒரு விளக்கு. பந்தியில் அந்த விளக்கு நம் இலைக்கு நேரே வரும்போது கை வாயருகே அப்படியே நின்றுவிடும்.

எங்கள் வீட்டுக் கேசட்டை டி.வி.டி.யாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தோம். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைக்காமல் அப்படியே ஓட்டி, தாலி கட்டும் இடத்தில் சரியாக அறுத்துவிட்டார்கள். மாமா இன்றுவரை, சட்டப்படி தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பரணில் ஒரு ரீல் கிடைத்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் புரொஜெக்டரில் போடாதீர்கள். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், தெரியும். காய்ந்து சுருங்கிய பிலிமின் ஓட்டைகளைப் பழைய புரொஜெக்டர் வரிசையாகக் கிழித்துத் தள்ளிவிடும். பிரதி ஒன்றே ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம்.

பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஊறுகாய் ஜாடி மாதிரி புளித்த வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ரீலை மற்றவற்றோடு வைக்கக் கூடாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். சூடும் ஈரமும்தான் எதிரி. அப்படிப் பார்த்தால் நம் ஊர்ப் பரணைவிட மோசமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்புறம் ஓட்டையைப் பாருங்கள். மையத்தில் இருந்தால் 9.5. விரல் நக அகலத்தில் பிலிம், ஃப்ரேம் கோட்டுக்கு நேரே ஓட்டை என்றால் 16. சின்ன பிலிமில் ஃப்ரேம்களுக்கு இடையே பெரிய சதுர ஓட்டை என்றால் பழைய 8; ஃப்ரேமின் நடுவுக்கு நேரே பொடி ஓட்டை என்றால் சூப்பர் 8. கோடக் பிலிமாக இருந்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும், ஆனால் 20 வருஷத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும். 1937-ஆ 1957-ஆ என்பதை அத்தையின் ஜாக்கெட் கையைப் பார்த்து நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது, ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்கிறார்களா, இல்லை சுவரில் ஓட்டி அதை வீடியோ எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் ரீலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்கேன் ஆனபிறகும் ரீலைத் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் கேமராவில் இப்போது படம் எடுக்க முடியுமா?

முடியும். வெளிநாட்டில் சிறிய அளவில் பிலிம் விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே அனுப்பிக் கழுவியும் வாங்கலாம். ஒரு நாலு நிமிஷத்துக்கு ஆகும் செலவில் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம் என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள்.

ஒரே ஒரு சுருள் எடுத்தேன். இரண்டு பக்கமும் ஓட்டி முடித்தால் பிலிம் மறுபடி பழைய சுருளிலேயே வந்து நிற்கும், பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். முதல் நாள் மெரினாவில் எடுத்து முடித்ததை மேஜைமேல் வைத்திருந்தேன். மறுவாரம் அதையே புதுச் சுருள் என்று நினைத்து மறுபடி போட்டு, அக்கா மகள் மொட்டை மாடியில் சைக்கிள் பழகுவதை எடுத்தேன். கழுவி வந்தது. அலைமேல் ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறது, அவள் வயிற்றின் வழியாக ஒரு சுண்டல்காரர் நடந்து வருகிறார். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் போடச் சொல்கிறார்கள்.